‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூடாது’: க்ளோன்3 சிக்கலும் டெஸ்ட்களும்

2021-ன் கடைசி மாதங்களில் ஃபெடோரா 35, உபுண்டு 21.10 என்னும் லினக்ஸ் வகைகளின் இமேஜ்களை (புரோகிராமும் அதற்கு வேண்டிய ஃபைல்களும் சேர்ந்த தொகுப்புகளை) கன்டெய்னரில், அதாவது புரோகிராமைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பெட்டியில், ஓட்டிப் பார்த்த பலருக்கு ஒரே மாதிரியான தொல்லை வந்தது. பைத்தான், புதிய த்ரெட்டை, அதாவது ஒரு புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலையை, தொடங்க முடியவில்லை என்றது. ரூபி, த்ரெட் உருவாக்க அனுமதி இல்லை என்றது. ஜாவா, பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் த்ரெட்டைக்கூடத் தொடங்க முடியவில்லை, சிஸ்டத்தின் வளங்கள் தீர்ந்துவிட்டன என்று சொல்லி நின்றது. கர்ல் ஒரு இணைய முகவரியைத் தேடுவதற்கே த்ரெட் கிடைக்காமல் திரும்பியது.

உண்மையில் வளம் எதுவும் தீரவில்லை. புரோகிராமிலும் ஒரு வரி மாறவில்லை. மாறியது அடிப்படை இமேஜின் பதிப்பு மட்டும். அதே இமேஜ் ஒரு மெஷினில் ஓடும், இன்னொன்றில் விழும். இப்படி ஒரு தோல்வி வந்தால் டெஸ்ட் எழுதுபவரின் கை தானாக இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று, விழுந்த டெஸ்ட்டை ஸ்கிப் செய்வது, அதாவது ஓட்டாமல் தாண்டிவிடுவது. மற்றது, கன்டெய்னரின் பாதுகாப்பு வடிகட்டியையே கழற்றிவிடுவது. இந்த விஷயத்தில் இரண்டுமே தவறு. ஏன் என்று தெரிய, த்ரெட் பிறக்கும் பாதையில் யார் யார் நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாதையில் நின்றவர்கள்

லினக்ஸில் புதிய புரோசஸ், த்ரெட் இரண்டும் பிறப்பது க்ளோன் என்ற சிஸ்டம் காலால்தான். சிஸ்டம் கால் என்பது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் புரோகிராம் வைக்கும் அழைப்பு. அதற்கான தேர்வுகள் எல்லாம் ஒரே எண்ணுக்குள் பிட்களாக அடைக்கப்பட்டவை. வருடங்கள் போகப் போக அந்த எண்ணில் இடம் தீர்ந்துபோனது. அதனால் 2019 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 5.3-ல் க்ளோன்3 சேர்ந்தது. இது தேர்வுகளை ஒரு ஸ்ட்ரக்டில், அதாவது மெமரியில் உள்ள ஒரு தகவல் தொகுப்பில், எழுதி, அந்த ஸ்ட்ரக்டின் முகவரியையும் அளவையும் மட்டும் கெர்னலிடம் கொடுக்கும். பின்னாளில் புதுத் தேர்வு வந்தால் ஸ்ட்ரக்டை நீட்டிக்கொள்ளலாம். இதன் சிஸ்டம் கால் எண் 435.

கெர்னலுக்கு மேலே உட்கார்ந்திருப்பது சி நூலகமான ஜிலிப்சி. 2021 ஆகஸ்டில் வந்த அதன் 2.34 பதிப்பு, த்ரெட் தொடங்கும்போது முதலில் க்ளோன்3-ஐக் கேட்கத் தொடங்கியது. பழைய கெர்னல்களில் அது இருக்காது என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ‘ஈநோசிஸ்’ என்ற பிழை, அதாவது எண் 38, திரும்பி வந்தால் சத்தமில்லாமல் பழைய க்ளோனுக்குப் போய்விடும். ஈநோசிஸ் என்றால் ‘இப்படி ஓர் அழைப்பே இங்கே இல்லை’ என்று பொருள். வேறு எந்தப் பிழை வந்தாலும் அதை உண்மையான தோல்வியாக எடுத்துக்கொண்டு புரோகிராமிடம் கொடுத்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, கன்டெய்னர்களை ஓட்டும் கருவியான டாக்கர் இருக்கிறது. கெர்னலில் செக்காம்ப் என்று ஒரு வடிகட்டி வசதி உண்டு. ஒரு புரோசஸ் எந்தச் சிஸ்டம் கால்களைப் பயன்படுத்தலாம் என்பதை அதன் மூலம் கட்டுப்படுத்தலாம். டாக்கர் தன் இயல்பான விதித்தொகுப்பில், அனுமதிக்கப்பட்ட அழைப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத எதற்கும் ‘ஈபெர்ம்’, எண் 1, பதிலாகப் போகும். ‘இதற்கு உனக்கு அனுமதி இல்லை’ என்பது அதன் பொருள். சிக்கல் இங்கேதான். வேண்டுமென்றே தடுக்கப்பட்ட அழைப்புக்கும் அதே பதில், பட்டியல் எழுதியவர் கேள்விப்பட்டே இராத புது அழைப்புக்கும் அதே பதில்.

மருந்துக்கடைக்குப் போகிறோம். ‘அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை’ என்று சொன்னால் அதே மருந்து வேறு கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்போம், அல்லது அடுத்த கடைக்கு நடப்போம். ‘டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது’ என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்ப் பயனில்லை. டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். இப்போது, மருந்தின் பெயரே தெரியாத புதுப் பையன் ஒருவன், தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் ‘சீட்டு வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? டாக்கரின் பழைய விதித்தொகுப்பு செய்தது அதைத்தான். ஜிலிப்சியோ அந்தச் சொல்லை நம்பி, பக்கத்து அலமாரியிலேயே இருந்த பழைய மருந்தைக் கேட்காமல் வீடு திரும்பியது.

ஒரு முறை சரிசெய்தும் தப்பிப்போனது

இந்தக் குழப்பம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கன்டெய்னரை உண்மையில் கிளப்பிவிடும் கருவியான ரன்சி, க்ளோன்3 பிரச்சினை வெடிப்பதற்கு முன்பே, 2021 தொடக்கத்தில் ஒரு பொது விதியைச் சேர்த்திருந்தது. சிஸ்டம் கால்களின் எண்கள் ஏறக்குறைய வரிசையாகத்தான் ஒதுக்கப்படுகின்றன. எனவே, விதித்தொகுப்பில் பெயர் சொல்லப்பட்ட அழைப்புகளில் மிகப் பெரிய எண் எதுவோ, அதைவிடப் பெரிய எண்ணோடு ஓர் அழைப்பு வந்தால், அது பட்டியல் எழுதியபின் பிறந்தது என்று வைத்துக்கொண்டு ஈநோசிஸ் சொல்லிவிடலாம். அழகான யோசனை.

ஆனால் டாக்கர் அதற்குள் தன் பட்டியலில் சில புது அழைப்புகளைச் சேர்த்துவிட்டிருந்தது. அவற்றில் ஒன்று எஃப்ஆக்சஸ்அட்2, அதன் எண் 439. க்ளோன்3-ன் எண் 435. ஆக, க்ளோன்3 ‘பழைய’ எண்ணாகக் கணக்கிடப்பட்டு, தெரிந்தே விலக்கப்பட்ட அழைப்பு என்ற வரிசையில் போய் விழுந்தது. பதில் மறுபடியும் ஈபெர்ம். நாலே நாலு எண் வித்தியாசம். ஊகத்தின் மேல் கட்டிய விதி ஓர் ஓரத்தில் இப்படி வழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, க்ளோன்3-ஐப் பட்டியலில் சேர்த்து அனுமதித்துவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். அதுவும் நடக்காது. க்ளோன் மூலம் த்ரெட் மட்டுமல்ல, புதிய நேம்ஸ்பேஸ்களையும், அதாவது புரோசஸுக்கு சிஸ்டத்தின் தனிப் பார்வையைத் தரும் வேலிகளையும், உருவாக்கலாம். கன்டெய்னருக்குள்ளிருந்து அதைச் செய்யவிடக் கூடாது என்பது டாக்கரின் கொள்கை. பழைய க்ளோனில் தேர்வுகள் சிபியு-வின் ரெஜிஸ்டரிலேயே இருப்பதால் வடிகட்டி அவற்றைப் படித்து, த்ரெட்டுக்குச் சரி, நேம்ஸ்பேஸுக்கு இல்லை என்று பிரித்துவிடும். க்ளோன்3-ல் ரெஜிஸ்டரில் இருப்பது ஒரு முகவரி மட்டும். செக்காம்ப் வடிகட்டியால் அந்த முகவரிக்குப் போய் ஸ்ட்ரக்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. முழுவதும் திற, அல்லது முழுவதும் மூடு. இடைப்பட்ட வழி இல்லை.

அப்படியானால் ஜிலிப்சி, ஈபெர்ம் வந்தாலும் பழைய க்ளோனுக்குப் போகலாமே என்று பலர் கேட்டார்கள். ஜிலிப்சி பக்கத்திலிருந்து அதற்குச் சம்மதம் வரவில்லை. நான் இந்த இடத்தில் அவர்கள் பக்கம்தான். ஈபெர்ம் என்பது கெர்னலே நியாயமாகத் தரும் பதில்களில் ஒன்று. உரிமை இல்லாமல் ஒரு புரோசஸ், தான் உருவாக்கும் புதிய புரோசஸுக்குக் குறிப்பிட்ட எண்ணை அடையாளமாகக் கேட்டால் க்ளோன்3 ஈபெர்ம்தான் சொல்லும். அதை ‘இல்லை’ என்று மாற்றிப் படிக்கத் தொடங்கினால் உண்மையான மறுப்பு எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். தப்பான பதிலைச் சொன்னவர் திருத்த வேண்டும்; கேட்டவர் காதை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

கடைசியில் திருத்தம் அங்கேதான் நடந்தது. 2021 அக்டோபரில் வந்த டாக்கர் 20.10.10, சிறப்பு உரிமை தரப்படாத கன்டெய்னரில் க்ளோன்3-க்கு ஈநோசிஸ் என்று தனியாக விதி எழுதியது. அடியில் இருக்கும் கெர்னலில் அந்த அழைப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கன்டெய்னருக்குள் இருக்கும் புரோகிராமின் உலகத்தில் அது இல்லைதானே. ஜிலிப்சி பழைய க்ளோனுக்குத் திரும்புகிறது, வடிகட்டி தேர்வுகளைப் படிக்கிறது, த்ரெட் பிறக்கிறது. க்ரோமியம் பிரவுசரின் பாதுகாப்புக் கூண்டான சாண்ட்பாக்ஸும் இதே வழிக்கு வந்தது. டாக்கருக்கு மாற்றான பாட்மேன் வகைக் கருவிகள் பயன்படுத்தும் விதித்தொகுப்பு இன்னும் ஒரு படி போய், பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் ஈநோசிஸ், தெரிந்தே தடுப்பவற்றுக்கு மட்டும் ஈபெர்ம் என்று தலைகீழாகத் திருப்பிப் போட்டது. என் கண்ணில் அதுதான் முறையான அமைப்பு.

சத்தமில்லாத தோல்வி

எஃப்ஆக்சஸ்அட்2 பற்றி மேலே ஒரு வரி வந்தது. அதன் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை, ஏனென்றால் அது இதைவிட மோசம். லினக்ஸ் 5.8-ல், 2020 ஆகஸ்டில் அது வந்தது. ஒரு ஃபைலைப் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று கெர்னலைக் கேட்கும் அழைப்பு. 2021 பிப்ரவரியில் ஜிலிப்சி 2.33-ம், ஜூனில் ஆல்பைன் லினக்ஸ் 3.14-ன் சி நூலகமான மசலும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. பழைய டாக்கரும் பழைய செக்காம்ப் நூலகமும் இருந்த மெஷின்களில் அதற்கும் ஈபெர்ம் போனது.

கேள்வியே ‘எனக்கு அனுமதி இருக்கிறதா’ என்பதுதான். பதில் ‘அனுமதி இல்லை’. கேள்வி கேட்கவே விடாத தடுப்பின் பதிலை, கேள்விக்கான பதிலாக, கட்டளைகளை இயக்கும் ஷெல் எடுத்துக்கொண்டது. எழுதக்கூடிய டைரக்டரியைப் பார்த்து எழுத முடியாது என்றது. ஆர்ச் லினக்ஸ் இமேஜில் பேக்கேஜ் கட்டும் கருவி அதை நம்பி நின்றுபோனது. க்ளோன்3-ல் குறைந்தது புரோகிராம் கத்திவிட்டுச் செத்தது. இங்கே ஒரு ‘இஃப்’ கூற்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான கிளைக்குப் போனது. ஃபைலைப் படிக்க முடிந்தால் இதைச் செய், முடியாவிட்டால் விட்டுவிடு என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டில் இது நடந்தால் டெஸ்ட் பச்சையாகவே முடியவும் கூடும்.

டெஸ்ட்டை எங்கே வைப்பது

இனி டெஸ்ட் எழுதுபவரின் பக்கம். ஒரு டெஸ்ட் விழுந்திருக்கிறது, காரணம் ஆபரேட்டிங் சிஸ்டம் தரப்பில் இருக்கலாம் என்று சந்தேகம். முதல் வேலை, பிழை எண்ணை அப்படியே பார்ப்பது. பைத்தானும் ஜாவாவும் சொல்லும் செய்தியில் எண் மறைந்துபோகிறது. எஸ்ட்ரேஸ் கருவியை இணைத்து ஓட்டினால் எந்த அழைப்பு, எந்தப் பதில் என்பது ஒரே வரியில் தெரியும். எஸ்ட்ரேஸ் வைக்க முடியாத இடத்தில், ப்ராக் ஃபைல் சிஸ்டத்தில் புரோசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து செக்காம்ப் என்ற வரியைப் பாருங்கள். 2 என்று இருந்தால் நடுவில் ஒரு வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது.

க்ளோன்3 இருக்கிறதா என்று அறிய ஒரு நேர்த்தியான வழியும் உண்டு. அழைப்பு எண் 435-ஐ, ஸ்ட்ரக்ட் முகவரி வெறுமையாகவும் அளவு 0 ஆகவும் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கெர்னல் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த அளவு 64 பைட். அதனால் அழைப்பு உண்மையில் இருந்தால் ‘கொடுத்த மதிப்பு சரியில்லை’ என்னும் ஈஇன்வால் வரும். இல்லாவிட்டால் ஈநோசிஸ். ஈபெர்ம் வந்தால் அதைச் சொன்னது பெரும்பாலும் நடுவில் இருப்பவர். புதிய புரோசஸ் எதுவும் பிறக்காமல் மூன்று நிலையும் பிரிந்துவிடுகின்றன. கெர்னல் பதிப்பு எண்ணைப் படித்து 5.3-க்கு மேல் என்றால் உண்டு என்று முடிவுகட்டும் டெஸ்ட்கள் இந்தச் சம்பவத்தில் முழுக்கத் தோற்றிருக்கும். கெர்னல் புதுசுதான், பதில்தான் தப்பு.

பைத்தானின் சொந்த டெஸ்ட் தொகுப்பும் பதிப்பைப் பார்க்காமல் செய்து பார்க்கும் வழியைத்தான் எடுக்கிறது. விண்டோஸில் சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) உருவாக்கப் பொதுவாகத் தனி உரிமை வேண்டும். இல்லையென்றால் பிழை 1314 வரும். ஆகவே முதலில் ஒரு தற்காலிக சிம்லிங்க்கை உருவாக்கிப் பார்க்கிறது, முடியாவிட்டால் சிம்லிங்க் தேவைப்படும் டெஸ்ட்களை ஸ்கிப் செய்கிறது. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சோதிக்க வேண்டிய அதே ஃபங்ஷனைக் கொண்டு ‘வசதி இருக்கிறதா’ என்று பார்த்தால், அந்த ஃபங்ஷனே கெட்டுப்போன நாளில் எல்லா டெஸ்ட்டும் ஸ்கிப் ஆகி, முடிவு பச்சையாக வரும். முடிந்தவரை, ஆய்வுக்கு வேறு பாதையைப் பயன்படுத்த வேண்டும். க்ளோன்3-க்குச் சொன்னது போல.

ஸ்கிப் முற்றிலும் நியாயமான இடங்களும் உண்டு. மேக்ஓஎஸ்-ல், ஒரு வளத்தை எத்தனை பேர் ஒரே நேரத்தில் தொடலாம் என்று எண்ணும் செமஃபோரின் தற்போதைய மதிப்பைச் சொல்லும் ஃபங்ஷன் செயல்படுத்தப்படவில்லை. அதனால் பைத்தானின் மல்டிபிராசசிங் க்யூவில் எத்தனை பொருள் இருக்கிறது என்று கேட்டால் அங்கே ‘செயல்படுத்தப்படவில்லை’ என்ற பிழை வரும். ஆவணத்திலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். டெஸ்ட் அந்த ஒரு பிழையை மட்டும் பிடித்து ஸ்கிப் செய்கிறது. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

ஸ்கிப்பைத் தனி முடிவாக எண்ணும் பழக்கம் பழைய கருவிகளில் நன்றாகவே இருக்கிறது. பில்ட் கருவியான ஆட்டோமேக்கில் டெஸ்ட் 77 என்ற எண்ணோடு முடிந்தால் ஸ்கிப். கெர்னலின் செல்ஃப்டெஸ்ட்களில் 4. லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட், ‘இந்த அமைப்பில் ஓட்டப் பொருந்தாது’ என்பதற்கு டிகான்ஃப் என்று தனி முடிவே வைத்திருக்கிறது. தோல்வியும் அல்ல, வெற்றியும் அல்ல. ரஸ்ட்டின் கூடவே வரும் டெஸ்ட் கருவியில், ஓடும்போது முடிவெடுத்து ஸ்கிப் சொல்ல வழி இல்லை. வசதி இல்லையென்று பாதியில் திரும்பிவிடும் டெஸ்ட் அங்கே பாஸ் என்று எண்ணப்படும். ரஸ்ட்டில் சிஸ்டம் மட்டத்தில் எழுதுபவர்கள் இதை மறக்காமல் இருக்க வேண்டும்.

ஈபெர்ம் வந்தால் ஸ்கிப் செய்யலாமா? கோ மொழியின் டெஸ்ட் உதவி நூலகம் செய்யலாம் என்கிறது. ஈநோசிஸோடு ஈபெர்ம், படிக்க மட்டும் அனுமதிக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பிழை, ஏன் ஈஇன்வாலைக்கூட ‘ஆதரவு இல்லை’ என்ற கணக்கில் சேர்க்கிறது. சில கன்டெய்னர்கள் தடுப்புக்கு ஈஇன்வாலைத் தருகின்றன என்று காரணமும் குறிப்பில் இருக்கிறது. எண்ணற்ற மெஷின்களில் ஓட வேண்டிய மொழித் திட்டத்துக்கு அந்தத் தாராளம் தேவைதான். ஆனால் நம்முடைய சொந்த புராடக்ட் ஓடப்போகும் இமேஜில், நம்முடைய சொந்த சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக டெஸ்ட் ஓட்டும்) மெஷினில் அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே க்ளோன்3-க்கு ஈபெர்ம் வந்தால் கஸ்டமரின் மெஷினிலும் அதுவே வரலாம். டெஸ்ட்டை ஸ்கிப் செய்தால் சிவப்பு மறையும், த்ரெட் பிறக்காது.

கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் டெஸ்ட் தொகுப்பு இந்த இரண்டு தேவையையும் ஒரே இடத்தில் சமாளிக்கிறது. வெப் சர்வர் தேவைப்படும் டெஸ்ட்கள், சர்வர் கிடைக்காவிட்டால் இயல்பாக ஸ்கிப் ஆகும். ஆனால் அதற்கான சூழல் மாறியை ‘ஆம்’ என்று வெளிப்படையாக வைத்திருந்தால், சர்வர் இல்லாமை அங்கே தோல்வி. யாரோ ஒருவரின் லேப்டாப்பில் மன்னிக்கலாம். இருந்தே ஆக வேண்டிய மெஷினில் மன்னிக்க முடியாது. சிஐ-யில் ஒவ்வொரு மெஷினுக்கும் எந்தெந்த வசதி கட்டாயம் என்று எழுதிவைத்து, அது இல்லாவிட்டால் ஸ்கிப்பை ஃபெயிலாக மாற்றுவது ஒரு நாள் வேலை. இமேஜ் மாறும்போது ஸ்கிப் எண்ணிக்கை 12-லிருந்து 240-க்குத் தாவினால் அன்றே தெரிந்துவிடும்.

திரும்பும் பாதையையும் ஓட்டிப் பார்க்க

இவ்வளவு பேசியும் ஒன்று மிச்சம். ஜிலிப்சியின் பழைய க்ளோனுக்குத் திரும்பும் அந்தச் சில வரிகள் போல, நாம் எழுதும் புரோகிராமிலும் மாற்றுப் பாதைகள் இருக்கும். புது கெர்னல் உள்ள மெஷினில் அவை ஓடவே ஓடாது. பழைய மெஷினைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. எஸ்ட்ரேஸ், ஒரு சிஸ்டம் காலைத் தடுத்து நாம் சொல்லும் பிழையைத் திருப்பித் தரும் வசதியோடு வருகிறது. டாக்கருக்கு நாமே ஒரு விதித்தொகுப்பு எழுதி, குறிப்பிட்ட அழைப்புக்கு 38 திருப்பச் சொல்லலாம். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிலும் அழைப்பின் பெயருக்குப் பக்கத்தில் பிழையைக் குறித்து இதைச் செய்யலாம். ஒரே டெஸ்ட் தொகுப்பை மூன்று முறை ஓட்டுங்கள்: வசதி இருக்கும்போது, ஈநோசிஸ் வரும்போது, ஈபெர்ம் வரும்போது.

மூன்றாவது ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஐஓ-யூரிங்கைக் காட்டலாம். ஃபைல், நெட்வொர்க் படிப்பு-எழுத்து வேலைகளுக்காக லினக்ஸ் 5.1-ல், 2019-ல் வந்த வேகமான வசதி. 2023 ஜூனில் கூகுள், பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கான தன் பரிசுத் திட்டத்துக்கு வந்த கெர்னல் தாக்குதல்களில் 60 விழுக்காடு இதன் வழியாக நுழைந்தவை என்று சொன்னது. டாக்கரின் இயல்பு விதித்தொகுப்பு பின்னர் இதைத் தடுத்தது. லினக்ஸ் 6.6-லிருந்து கெர்னல் அமைப்பு ஒன்றின் மூலமே இதை முழுவதுமாக மூடலாம்; மூடினால் கெர்னலே தரும் பதில் ஈபெர்ம். இங்கே ‘கூடாது’ என்பது உண்மையான கூடாது. மெஷினின் பொறுப்பாளர் யோசித்து எடுத்த முடிவு. அதற்காக நம் சர்வர் செத்துப்போக வேண்டியதில்லை. ஈபோல் போன்ற பழைய வழிக்கு மாறி, மாறிவிட்டேன் என்று லாகில் ஒரு வரி எழுதினால் போதும். க்ளோன்3-ல் ஜிலிப்சி ஈபெர்மை மதித்து நின்றது சரி, ஐஓ-யூரிங்கில் ஈபெர்மை மதித்து வேறு வழிக்குப் போவதும் சரி. எந்த அழைப்புக்கு எது என்று புரோகிராமை எழுதியவர்தான் முடிவுசெய்து, அந்த முடிவையே டெஸ்ட்டாக எழுத வேண்டும். ஐஓ-யூரிங் மூடிய கன்டெய்னரில் அந்த டெஸ்ட் ஸ்கிப் ஆகக் கூடாது. பழைய வழியில் ஓடி பாஸ் ஆக வேண்டும்.